ஒலிபெருக்கி வேண்டாம், செயலி வேண்டும்!
(இளைஞர், வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)



கணினி படித்த நம் பிள்ளைகள் சிலர் என்னிடம் வந்தார்கள். "ஹஜ்ரத், பிற சமயச் சகோதரர்கள் நம்மைப் புரிந்துகொள்ள ஒரு செல்போன் செயலி செய்யப் போகிறோம்" என்றார்கள். திட்டத்தை வாங்கிப் பார்த்தேன். தொழுகை என்றால் என்ன, நோன்பு என்றால் என்ன, ஜகாத் என்றால் என்ன... அத்தனையும் நாம் பேச, அவர்கள் கேட்க! அவர்கள் வாய் திறக்க ஓர் இடம்கூட இல்லை. இதற்கு எதற்குச் செயலி? ஒலிபெருக்கி போதாதா?

மனிதர்கள் பல சமூகங்களாகப் படைக்கப்பட்டதற்கு ஸூரா அல்-ஹுஜுராத்தின் 13ஆம் வசனம் காரணம் சொல்கிறது. அங்கே வரும் சொல் 'லிதஆரஃபூ'. மதரஸாவில் ஸர்ஃப் ஓதியவர்களுக்குத் தெரியும், அந்த வாய்பாடு இரு தரப்பும் சேர்ந்து செய்யும் வினைக்கு உரியது. தனி ஆளாக நின்று முஸாஃபஹா செய்ய முடியுமா?

பக்கத்துக் கடை அண்ணாச்சியோடு இருபது வருடம் தேநீர் குடித்திருப்பீர்கள். ஆடியில் அவர் ஏன் புதுக்கடை திறப்பதில்லை என்று கேட்டதுண்டா? ஆடித் தள்ளுபடி தெரியும். அவர் வீட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் மாதம் அது என்பது தெரியுமா? அவரும் நம்மைக் கேட்டதில்லை. பாங்கிலே வரும் 'அக்பர்' மொகலாய மன்னரின் பெயர் என்று இன்றும் நினைப்பவர்கள் இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள்! 'மிகப் பெரியவன்' என்று பொருள் சொல்ல நமக்கு நேரமே கிடைக்கவில்லையா?

ஆகவே, செயலியின் முதல் பக்கத்தில் கேள்வி இருக்கட்டும். பதிலை உள்ளூர்க்காரர் ஒருவர் தன் குரலிலேயே சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் ஆலிம்களைத் தேடாதீர்கள். எங்களுக்குச் சுருக்கமாகப் பேச வராது!

இன்னொன்று. வந்ததை அப்படியே பிறருக்குத் தள்ளிவிடும் பொத்தானை வைக்காதீர்கள். 2018 மே மாதம், போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப் வதந்தி! அந்த நாட்களில் அப்படியொரு ஒலிப்பதிவை நானும் மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் வசனம் அதே ஸூராவில் 6ஆவதாக இருக்கிறது. எத்தனை முறை அதை பயான் செய்திருப்பேன்! தவறென்று தெரிந்தும் மறுப்பு அனுப்ப இரண்டு நாள் தயங்கினேன். வெட்கம்தான் காரணம்.

ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேர் அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாது என்று அவ்வாண்டு ஜூலையில் இந்தியாவுக்கு வாட்ஸ்அப் அறிவித்தது. 2019 ஜனவரியில் உலகம் முழுவதற்கும். 2020 ஏப்ரலில், பல கை மாறி வந்த செய்திக்கு அந்த ஐந்தை ஒன்றாக்கியது. அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக அந்நிறுவனமே சொன்னது. யாரும் உபதேசம் செய்யவில்லை; ஒரு பொத்தானை இறுக்கினார்கள், அவ்வளவுதான்.

கடைத்தெருவில் பத்துக் கேள்விகள் வாங்கி வாருங்கள், பத்துக் கேள்விகள் கேட்டும் வாருங்கள் என்று பிள்ளைகளை அனுப்பியிருக்கிறேன். இதுவரை ஏழு வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று: "பாய், எங்க கோயில் பிரசாதத்தை வாங்கிக்கிறீங்களே, அப்புறம் அதை என்ன பண்ணுறீங்க?"

இதற்கு யார் பதில் சொல்கிறீர்கள்?