மதுரைக்கு ஒரு தேசிய சாம்பியன் இருக்கு, தெரியுமா?

இன்னைக்கு ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாம். மதுரை டீம் ஒண்ணு இந்திய அளவிலான லீக்ல சாம்பியன் ஆகியிருக்கு. எந்த டீம்?

இந்தக் கேள்விய மதுரைக்கார நண்பர்கள்கிட்டயே கேட்டுப் பார்த்தேன். உடனே வந்த பதில் மதுரை பாந்தர்ஸ். அவங்க 2018-ல டி.என்.பி.எல். ஜெயிச்சது உண்மைதான், ஆனா அது மாநில கிரிக்கெட் லீக். நான் கேக்கிறது ஃபுட்பால். அதுவும் பெண்கள் ஃபுட்பால். டீம் பேரு சேது எஃப்.சி.

2019 மே மாதம், பஞ்சாப்ல லூதியானா. இந்தியப் பெண்கள் லீக்கோட இறுதிப் போட்டி. எதிரணி மணிப்பூர் போலீஸ். பெண்கள் கால்பந்துல மணிப்பூர்னா என்னன்னு ஃபாலோ பண்றவங்களுக்குத் தெரியும். தேசிய சாம்பியன்ஷிப்ப வருஷக்கணக்கா தங்களோட வீட்டு அலமாரியிலயே வச்சிருந்த மாநிலம். அந்த ஊர் டீமை சேது 3-1 கணக்குல ஜெயிச்சுக் கப்பைத் தூக்கினாங்க. அதே வாரம்தான் நாடாளுமன்றத் தேர்தல் முடிவும் வந்துச்சு. அப்போ பேப்பர்ல இந்தச் செய்திக்கு எவ்வளவு இடம் கிடைச்சிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதுல ஒரு ஆச்சரியம் இருக்கு. அதுக்கு ரெண்டரை மாசம் முன்னாடி, 2019 மார்ச் 9, கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியம். ஆண்களுக்கான ஐ-லீக்ல கடைசி நாள் ஆட்டம். சென்னை சிட்டி எஃப்.சி. ஜெயிச்சா சாம்பியன். மினர்வா பஞ்சாப் ஆரம்பத்துலயே கோல் போட்டு, இடைவேளை வரைக்கும் முன்னிலையில இருந்தாங்க. அந்தப் பக்கம் கோழிக்கோட்டுல ஈஸ்ட் பெங்கால் இன்னொரு மேட்ச் ஆடிட்டிருந்தாங்க. அவங்க ஜெயிச்சு, இங்க சென்னை சிட்டி சறுக்கினா கோப்பை கொல்கத்தாவுக்கு. கடைசில சென்னை சிட்டி 3-1. ஈஸ்ட் பெங்காலும் அன்னைக்கு ஜெயிச்சாங்க, ஆனா பாயிண்ட் 43-க்கு 42. ஒரே ஒரு பாயிண்ட். பேருல சென்னை இருந்தாலும், 2017-18 சீசன்ல இருந்தே அவங்க ஆடினது கோவையில.

ஆக, ஒரே வருஷத்துல ஆண்கள் ஐ-லீக், பெண்கள் லீக் ரெண்டுமே தமிழ்நாட்டுக்கு. அதுவும் தலைநகருக்கு வெளியில இருந்து. கோவை ஒண்ணு, மதுரை ஒண்ணு. இதைச் சொன்னா இன்னமும் பாதிப் பேரு நம்ப மாட்டேங்குறாங்க.

இப்போ அந்த ரெண்டு கிளப்பும் எங்க இருக்கு? சென்னை சிட்டியில 21 கோல் போட்ட பெட்ரோ மான்ஸி இருந்தாரு, ஸ்பெயின்ல இருந்து வந்த ஒரு பட்டாளம் இருந்துச்சு, சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். ஜெயிச்ச அதே வருஷம் சுவிட்சர்லாந்தோட எஃப்.சி. பாஸல் 26 சதவீதப் பங்கை வாங்கினாங்க. ஆசியக் கோப்பைப் போட்டிகள் வரைக்கும் போனாங்க. 2020-21 சீசனுக்கு அப்புறம் ஐ-லீக் பட்டியல்ல அந்தப் பேரே இல்லை. சாம்பியன் ஆகி ரெண்டு வருஷம்தான்.

சேது? 2024-25 லீக்லயும் இருந்தாங்க. பாஸல் மாதிரி பார்ட்னர் கிடையாது, ஸ்பெயின் பட்டாளம் கிடையாது. ஆனா கிளப் உசுரோட இருக்கு. எப்படி? எனக்கு இதுதான் சுவாரசியமான கேள்வி.

முதல் காரணம், ஆள் பலம் இங்கேயே இருந்துச்சு. 2018 பிப்ரவரியில கட்டக்ல நடந்த சீனியர் பெண்கள் தேசிய சாம்பியன்ஷிப் ஃபைனல்ல தமிழ்நாடு 2-1 கணக்குல மணிப்பூரை ஜெயிச்சு முதல் தடவையா கோப்பையை வாங்கினாங்க. அது திடீர்னு வந்த அதிர்ஷ்டம் இல்ல. கடலூர்ல மாரியப்பன்னு ஒரு கோச், இந்திரா காந்தி அகாடமி வழியா எத்தனையோ பொண்ணுங்களுக்கு ஆட்டத்தையும் படிப்பையும் சேர்த்துக் கொடுத்தவரு. இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் ரெண்டு பேருமே அங்க வளர்ந்து இந்தியாவுக்கு ஆடினவங்க, சேது ஜெர்சியும் போட்டவங்க. இந்துமதி காவல்துறையில சப்-இன்ஸ்பெக்டர். 2020 கொரோனா ஊரடங்குல சென்னை ரோட்டுல டியூட்டி பார்த்தாங்க. 2018-ல ஷில்லாங்ல நடந்த லீக் இறுதிச் சுற்றுக்கு வந்த ஏழு அணிகள்ல ரெண்டு தமிழ்நாட்டு அணி: சேது ஒண்ணு, கடலூர் அகாடமி ஒண்ணு. சேதுவை நடத்துற சீனி முகைதீனுக்கு ஆட்களைத் தேடி கண்டம் தாண்டிப் போக வேண்டிய அவசியம் இருக்கல. மதுரையில இருந்து கடலூர் ஒரு ராத்திரி பஸ் தூரம்.

ரெண்டாவது காரணம்தான் முக்கியம். ஆனா அதுல ஒரு சிக்கலும் இருக்கு. அந்தக் காலத்துப் பெண்கள் லீக்ங்கிறது லீக்கே இல்லை, டோர்னமெண்ட். எல்லா அணியையும் ஒரே ஊருக்கு வரச் சொல்லி, மூணு வாரமோ நாப்பது நாளோ ஆட வச்சு, கப்பைக் கொடுத்து அனுப்பிருவாங்க. 2018-ல ஷில்லாங், 2019-ல லூதியானா, 2020-ல பெங்களூரு, 2022-ல புவனேஸ்வர், 2023-ல அகமதாபாத். நம்ம பாஷையில சொன்னா ஷார்ட் டெர்ம் ப்ராஜெக்ட். செலவு கொஞ்ச நாளைக்குத்தான். சென்னை சிட்டி மாதிரி சீசன் முழுக்க ஊர் ஊரா ஃப்ளைட் டிக்கெட் போட வேண்டாம், ஸ்டேடியம் பராமரிக்க வேண்டாம். அதனால சின்ன கிளப்பும் தாக்குப் பிடிச்சுது.

அதுக்கு விலையும் இருந்துச்சு. மதுரையோட பேர்ல ஆடின டீமோட பெரிய ஆட்டம் எதையும் மதுரைக்காரங்க சாயங்காலம் டீ குடிச்சிட்டு நடந்துபோய்ப் பார்க்க முடியல. 2022 மே 26-ஐ எடுத்துக்கோங்க. புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியம். 12 டீம், 11 ரவுண்டு. கடைசி ரவுண்டுக்கு வரும்போது சேதுவும் கோகுலம் கேரளாவும் ஆடின பத்துல பத்தும் ஜெயிச்சு நிக்கிறாங்க. கடைசி ஆட்டம் அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல. கதை எழுதினாக்கூட இப்படி எழுத மாட்டோம், ஓவரா இருக்குன்னு சொல்லுவாங்க. மூணாவது நிமிஷத்துலயே ரேணு ராணி கோல் போட்டு சேது முன்னிலை! அப்புறம் கோகுலம் மூணு கோல் திருப்பிப் போட்டு 3-1, கப் கோழிக்கோட்டுக்குப் போச்சு. அந்த மாதிரி ஒரு ஆட்டத்துல தோத்தா ஊரே ரெண்டு நாள் புலம்பணும். டீக்கடையில கோச்சைத் திட்டணும். அது நடக்க ஆட்டம் ஊருக்குள்ள நடந்திருக்கணும்.

செர்பியாவுல வடக்கு ஓரத்துல பாச்கா டோபோலான்னு ஒரு ஊரு. பதினஞ்சாயிரம் பேர்கூட இல்ல, நம்ம உசிலம்பட்டியில பாதிகூட வராது. அங்க டி.எஸ்.சி.ன்னு 1913-ல தொடங்கின கிளப். அவங்களும் இதே 2019-லதான் செர்பியாவோட முதல் டிவிஷனுக்கு ஏறினாங்க. 2021-ல புது ஸ்டேடியம் வந்துச்சு, அதுல ஹங்கேரி அரசாங்கத்தோட பணம் இருக்கு. 2023-24-ல யூரோப்பா லீக்ல வெஸ்ட் ஹாம் இருந்த குரூப்ல ஆடினாங்க. பணம் வெளியில இருந்து வந்தாலும் மைதானம் அந்த ஊருக்குள்ளதான் வந்துச்சு.

மதுரையில மைதானம் கட்ட மாட்டாங்கன்னு சொல்ல முடியாது. 2024 ஜனவரியில கீழக்கரையில ஜல்லிக்கட்டு அரங்கம் திறந்தாங்க. 2025 அக்டோபர்ல சிந்தாமணி பக்கம் வேலம்மாள் கிரிக்கெட் மைதானம், தோனியே வந்து திறந்து வச்சாரு. அடுத்த மாசமே ரேஸ்கோர்ஸ்ல புது ஹாக்கி ஸ்டேடியம், ஜூனியர் உலகக் கோப்பை. ரெண்டு வருஷத்துக்குள்ள மூணு. மாடு, பேட், ஸ்டிக். இந்திய சாம்பியன் டீம் வச்சிருந்த விளையாட்டு அந்த வரிசையில இல்லை. எனக்கு இதுல கோபம்தான் வருது, மறைக்க விரும்பல.

ஏன் இப்போ இதைப் பேசறேன்னா, ஆட்டத்தோட விதி மாறிருச்சு. 2023 டிசம்பர்ல தொடங்கின சீசன்ல பெண்கள் லீக் ஹோம்-அவே முறையில நடந்துச்சு. ஒவ்வொரு கிளப்பும் குறைஞ்சது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு வருஷத்துக்கு 3.2 லட்சம் ரூபாய்க்குக் குறையாம ஒப்பந்தம் போடணும்னு ஃபெடரேஷன் அதே வருஷம் சொல்லுச்சு. 3.2 லட்சம்னா நம்ம சர்வீஸ் கம்பெனி ஃப்ரெஷர் பேக்கேஜ். இந்தியாவுக்கு ஆடுற அளவுக்குத் திறமை இருக்கிற பொண்ணுக்கு அது பெரிய தொகை இல்ல, கண்டிப்பா கொடுக்கணும். ஆனா கிளப் பக்கத்துல இருந்து பார்த்தா, இத்தனை நாளா அவங்களைக் காப்பாத்தின சிக்கனக் கணக்கு இனி செல்லாது. சீசன் நீளம், பயணம், சம்பளம் எல்லாம் கூடும். சென்னை சிட்டி தூக்கிச் சுமந்த அதே மூட்டை. அதைத் தாங்க டிக்கெட் வாங்குற ஆளு வேணும், உள்ளூர் ஸ்பான்சர் வேணும். முக்கியமா, ‘எங்க டீம்’னு சொல்றதுக்கு ஒரு ஊரு வேணும். பாந்தர்ஸ் ரொம்ப காலம் நத்தத்துல ஆடியும் மதுரை அதைத் தன்னோடதுன்னு சொல்லுச்சு, ஏன்னா டி.வி.யில தினமும் வந்துச்சு. சேதுவுக்கு அந்த வசதி கிடையாது.

சேது ஆட்டத்தை நேர்ல பார்த்தவங்க, இல்ல அதுல ஆடினவங்க யாராவது இதைக் கேட்டுட்டிருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடோட முதல் பத்து நிமிஷம் உங்களுக்குத்தான்.