கடினமாவதற்கு முன்
நிக்கல் மாரேஜிங் எஃகின் மென்மை நிலையும் அதை உருவாக்கும் முறையும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவை நிறுவியவர்கள் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருக்கிறார்கள். சொற்பொழிவு தமிழில் இருக்க வேண்டும். லேத்தின் முன் நிற்பவருக்கும் அது விளங்க வேண்டும். அந்த நிபந்தனைக்குப் பொருத்தமான ஒரு பொருளைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் பேசப்போகும் எஃகின் பெருமையை எல்லாரும் அதன் இறுதி வலிமையில் பார்க்கிறார்கள். அந்த வலிமை நல்லபடியாக வந்து சேருமா என்பதைத் தீர்மானிப்பதோ, அது இன்னும் மென்மையாக இருக்கும்போது அதன்மேல் கைவைக்கும் மனிதர்கள்.

2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3 புறப்பட்டதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எல்விஎம்3 ஏவுகலத்தின் இருபுறமும் நின்று அதைத் தூக்கியவை எஸ்200 என்னும் திண்ம எரிபொருள் மோட்டார்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 3.2 மீட்டர். அவற்றின் கூடு எம்250 தர மாரேஜிங் எஃகால் ஆனது. 1993 செப்டம்பரில் முதன்முதலாக ஏவப்பட்ட பிஎஸ்எல்வியின் முதல் நிலைக் கூடும் இதே எஃகுதான். அதன் விட்டம் 2.8 மீட்டர். சந்திரயான்-1, மங்கள்யான் இரண்டும் அந்தக் கூட்டின்மேல் ஏறித்தான் போயின. ஐதராபாத்தில் உள்ள மிதானி நிறுவனம் இந்த எஃகை உருக்கித் தருகிறது.

ஏன் இந்த எஃகு? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உருளையின் ஆரம் 1.4 மீட்டர், உள்ளே வளிமண்டலத்தைப் போல் ஏறத்தாழ 60 மடங்கு அழுத்தம், அதாவது 6 மெகாபாஸ்கல், சுவரின் தடிமன் 8 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவரில் வட்டவாக்கில் விழும் தகைவு, அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால் கிடைக்கும்: 1,050 மெகாபாஸ்கல். கட்டடங்களுக்குப் பயன்படும் சாதாரண எஃகு 250 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக உருமாறத் தொடங்கிவிடும். அதை வைத்து இந்தக் கூட்டைச் செய்ய வேண்டுமானால், பாதுகாப்பு இடைவெளி எதுவும் விடாமலே 34 மி.மீ. தடிமன் வேண்டும். எடை நான்கு மடங்குக்கு மேல் ஆகிவிடும். அந்த எடையைத் தூக்கத்தான் எரிபொருள் செலவாகுமே தவிர, செயற்கைக்கோளைத் தூக்க மிஞ்சாது.

வலிமையான எஃகு என்றால் நம் மனத்தில் முதலில் வருவது கரிமம். கொல்லர் அரிவாளைச் செக்கச்செவேலென்று காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார். கரிம அணுக்கள் வெளியேற வழியில்லாமல் இரும்பின் படிக அமைப்புக்குள் சிக்கிக்கொள்கின்றன. அப்படிச் சிக்கியதால் இறுகிப்போன அமைப்புக்கு மார்ட்டென்சைட் என்று பெயர். அது கடினமானது, கூடவே நொறுங்கும் தன்மையும் கொண்டது. பெரிய பாகங்களைத் தோய்த்தால் கோணும், சில நேரம் விரிசலும் விடும். பற்றவைப்பதோ பெரும்பாடு.

மாரேஜிங் எஃகு இந்தப் பாதையில் போகவே இல்லை. இதில் கரிமம் 0.03 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்குப் பதிலாக ஏறத்தாழ 18 விழுக்காடு நிக்கல், 8 விழுக்காடு கோபால்ட், 5 விழுக்காடு மாலிப்டினம், அரை விழுக்காட்டுக்கும் குறைவாக டைட்டானியம், சிறிது அலுமினியம். இன்டர்நேஷனல் நிக்கல் கம்பெனியின் ஆய்வாளர் பீபர் 1960ஐ ஒட்டி இருபது, இருபத்தைந்து விழுக்காடு நிக்கல் கலந்து இந்த வழியைத் தொடங்கிவைத்தார். 18 விழுக்காட்டுக் கலவையை அதே நிறுவனத்தின் டெக்கர், ஈஷ், கோல்ட்மேன் மூவரும் 1962இல் வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் பயன்படுவது பெரும்பாலும் அந்தக் கலவையின் வழித்தோன்றல்கள்தான்.

இப்போது எஃகை மென்மை நிலைக்குக் கொண்டுவரும் அனீலிங்குக்கு வருவோம். இந்த எஃகை ஏறத்தாழ 820 டிகிரி செல்சியஸுக்குச் சூடேற்றி, தடிமனுக்கு ஏற்ற நேரம் வைத்திருந்து, வெளியே எடுத்துக் காற்றிலேயே ஆறவிடுகிறோம். தண்ணீரோ எண்ணெயோ தேவையில்லை. நிக்கல் மிகுதியாக இருப்பதால், வெப்பம் 200 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை உள்ளே எந்த மாற்றமும் நிகழாது. அதற்குப் பிறகு முழுவதும் மார்ட்டென்சைட்டாக மாறுகிறது. மெதுவாக ஆறினாலும் விரைவாக ஆறினாலும் விளைவு ஒன்றே. ஆகவே 8 மி.மீ. தகட்டின் நடுவிலும் 100 மி.மீ. வளையத்தின் நடுவிலும் ஒரே அமைப்பு கிடைக்கிறது. கரிமம் இல்லாததால் இந்த மார்ட்டென்சைட் நொறுங்குவதில்லை. வளைகிறது, நசுங்குகிறது, சீவக் கொடுக்கிறது. பாகம் அறை வெப்பநிலைக்கு முழுதாக இறங்காமல் அடுத்த கட்டத்துக்கு அனுப்பக் கூடாது என்பது மட்டும் இங்கே கண்டிப்பான விதி. அவசரப்பட்டால், சூட்டில் இருந்த ஆஸ்டினைட் என்னும் அமைப்பு மாறாமல் உள்ளே தங்கிவிடும். அது கடைசிவரை வலிமை பெறாது.

மென்மை என்று சொல்கிறேனே, எவ்வளவு மென்மை? ராக்வெல் சி அளவில் 28 முதல் 32 வரை. உருமாறத் தொடங்கும் தகைவு 700 மெகாபாஸ்கலை ஒட்டி, அதாவது கட்டட எஃகைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இழுத்து அறுக்க 1,000 மெகாபாஸ்கல் அளவு வேண்டும்.  அப்படியிருந்தும், அதே கடினத்தன்மை கொண்ட மற்ற கலப்பு எஃகுகளைப் போலவே லேத்திலும் மில்லிங்கிலும் இதைக் கடையலாம். நுணுக்கமான அளவுகளைக் கொண்டுவரும் வேலை முழுவதையும் இந்த நிலையிலேயே முடித்துவிடலாம் என்பதுதான் இதன் பெரும்பேறு.

குளிர்நிலையில் உருவாக்கும்போது இது நடந்துகொள்ளும் விதம் எல்லா மாணவரும் கவனிக்க வேண்டியது. பெரும்பாலான உலோகங்கள் வளைக்க வளைக்க இறுகும்; எவர்சில்வர் அப்படித்தான். நடுநடுவே மறுபடி அனீல் செய்தாக வேண்டும். மாரேஜிங் எஃகு மிகக் குறைவாகவே இறுகுகிறது. தடிமனை 80 விழுக்காடு வரை உருட்டிக் குறைத்தாலும் நடுவில் அனீலிங் கேட்காது. சுழலும் உருளையின் மேல் உருளிகளை அழுத்திச் சுவரை மெல்லியதாக்கும் ஃப்ளோ ஃபார்மிங் முறைக்கு இவ்வளவு இணக்கமான உயர்வலிமை எஃகைக் காண்பது அரிது.

இந்த நற்குணத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. பாடநூல்கள் அதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. ஒரு தகட்டை இழுக்கும்போது ஓரிடம் சற்றே மெலிகிறது. மற்ற உலோகங்களில் மெலிந்த இடம் இறுகி, பாரத்தைப் பக்கத்து இடத்துக்குத் தள்ளிவிடும். அதனால் நீட்சி எங்கும் பரவும். இங்கே இறுக்கம் இல்லாததால் மெலிந்த இடமே மேலும் மெலிந்து கழுத்து விழுகிறது. சோதனைத் துண்டில் நீட்சி 17 விழுக்காடு என்று அறிக்கை சொல்லும். அதில் சீராகப் பரவிய பங்கு மிகச் சில விழுக்காடுதான். மிச்சமெல்லாம் அந்தக் கழுத்துக்குள் நடந்தது. ஆகவே அழுத்தி உருவாக்கும் வேலைக்கு இது தங்கம். இழுத்து உருவாக்கும் வேலைக்கு மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அறிக்கையில் உள்ள 17ஐ மட்டும் பார்த்து அச்சு வடிவமைத்தால் தகடு கிழியும்.

உருக்குவது பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெற்றிடத்தில் ஒருமுறை உருக்கி, மறுபடி வெற்றிட வில் உலையில் உருக்குவது வழக்கம். ஆக்சிஜன், நைட்ரஜன், கந்தகம் எல்லாவற்றையும் விரட்டத்தான் இந்தப் பாடு. உருக்கிய பிறகும் எச்சரிக்கை வேண்டும்: சூடாக அடித்த பெரிய வளையத்தை 1,100 டிகிரியிலிருந்து 800 டிகிரி வரை மெல்ல ஆறவிட்டால், டைட்டானியம் மிச்சமிருக்கும் கரிமத்தோடும் நைட்ரஜனோடும் சேர்ந்து படிகமணிகளின் எல்லைகளில் படலமாகப் படியும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வலிமைச் சோதனையிலும் பெரிதாகத் தெரியாது. முறியும்போதுதான் தெரியும். எரிபொருளில் கந்தகம் உள்ள உலையும், எண்ணெயோ பெயின்டோ ஒட்டிய பரப்பும் இந்த எஃகுக்கு ஆகாது.

வெல்டிங்தான் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி. தகட்டை வளைத்து நீளவாக்கில் பற்றவைத்தோ, தையல் இல்லாத வளையங்களாக உருட்டி வட்டவாக்கில் பற்றவைத்தோ கூட்டைச் செய்யலாம். அழுத்தம் ஏறிய உருளையில் வட்டவாக்குத் தகைவு நீளவாக்குத் தகைவைப் போல் இரண்டு மடங்கு. ஆகவே நீளவாக்குத் தையல்தான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. அனீல் செய்த மாரேஜிங் எஃகைப் பற்றவைக்க முன்சூடு தேவையில்லை. கரிமம் இல்லாததால், ஆறும்போது நொறுங்கும் பகுதி உருவாவதில்லை. வெல்டிங்கின் வெப்பம் பட்ட ஓரம் மென்மையாகவே இருக்கும்; பிறகு ஏஜிங் என்னும் வலிமையூட்டும் வெப்பச் சிகிச்சை செய்யும்போது மற்ற இடங்களோடு சேர்ந்து வலிமை பெறும். ஆர்கான் காப்பில் டிக் (TIG) முறையில் கவனமாகப் போட்ட தையல், தாய்த்தகட்டின் வலிமையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் தரும். தையலின் இருபுறமும் 600, 700 டிகிரி வரை சூடான ஒரு மெல்லிய கீற்று இருக்கும். அங்கே சிறிது ஆஸ்டினைட் திரும்பி வந்துவிடுகிறது. அது ஏஜிங்குக்கு முழுதாக மசியாது. வெப்பத்தை அடக்கிச் சிறுசிறு அடுக்குகளாகப் போட வேண்டும் என்று அனுபவமுள்ள வெல்டர்கள் வற்புறுத்துவது இதனால்தான். வெல்டிங்குக்குப் பெயர்பெற்ற திருச்சி வட்டாரத்தில், டிக் டார்ச்சைப் பிடித்த கைகளுக்கு இதை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாம் முடிந்த பிறகு 480 டிகிரியில் சில மணி நேரம். அவ்வளவுதான் ஏஜிங். நிக்கலும் மாலிப்டினமும் டைட்டானியமும் நானோமீட்டர் அளவுத் துகள்களாகச் சேர்ந்து படிக அமைப்பின் நழுவலைத் தடுக்கின்றன. 700ஆக இருந்த உருமாறத் தொடங்கும் தகைவு 1,700 மெகாபாஸ்கலைத் தாண்டுகிறது. கடினத்தன்மை ராக்வெல் சி 50க்கு ஏறுகிறது. இவ்வளவுக்கும் பாகம் கோணுவதில்லை. சீராகச் சற்றே சுருங்குகிறது. 0.05 விழுக்காடு என்று கொண்டால், 2.8 மீட்டர் விட்டத்தில் 1.4 மி.மீ. முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடிய சுருக்கம் இது.

இவ்வளவு நல்ல எஃகு எங்கே ஏமாற்றும்? அமெரிக்காவில் 1960களில் 260 அங்குல விட்டம், அதாவது 6.6 மீட்டர் விட்டமுள்ள திண்ம எரிபொருள் மோட்டார் ஒன்றுக்கான திட்டம் நடந்தது. இரண்டு நிறுவனங்கள் தனித்தனியாகக் கூடு செய்தன. தியோகால் நிறுவனத்துக்காக நியூபோர்ட் நியூஸ் கப்பல் தளம் செய்த கூடு 250 தர எஃகு. தடிமன் ஏறத்தாழ 18.5 மி.மீ. 1965 ஏப்ரல் 11 அன்று அதில் நீர் நிரப்பி அழுத்தம் ஏற்றினார்கள். சதுர அங்குலத்துக்கு 960 பவுண்டு வரை தாங்க வேண்டும். 542 பவுண்டிலேயே கூடு சிதறியது. அப்போது சுவரில் இருந்த தகைவைக் கணக்கிட்டால் 670 மெகாபாஸ்கல்தான் வருகிறது. எஃகின் வலிமையில் பாதிகூட இல்லை!

நாசாவின் லூயிஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்ராலியும் எஸ்காரும் துண்டுகளை ஆராய்ந்து 1966இல் அறிக்கை தந்தார்கள். முறிவு தொடங்கிய இடம் ஒரு வெல்டிங் தையலை ஒட்டியது. அங்கே ஏற்கெனவே ஒரு குறை இருந்திருக்கிறது. கையால் செய்த பழுதுபார்ப்பு வெல்டிங்தான் அதை உண்டாக்கியிருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. முன்பு நடந்த ஆய்வுகள் எதிலும் அந்தக் குறை சிக்கவில்லை. ஏரோஜெட் நிறுவனத்துக்காகச் சன் கப்பல் தளம் செய்த கூடு, வலிமை குறைந்த 200 தர எஃகு. டிக் முறையில் பற்றவைத்தது. அது நீர்ச் சோதனையையும் தாங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று ஃபுளோரிடாவில் எரிச்சோதனையும் வெற்றியாக நடந்தது.

வலிமை குறைந்தது தாங்கியது, கூடியது சிதறியது. இதில் புதிர் எதுவும் இல்லை. வலிமை ஏற ஏற, விரிசலைப் பொறுத்துக்கொள்ளும் திறன் குறைகிறது. பிஎஸ்எல்வி அளவுக் கூட்டுக்கு முன்பு போட்ட கணக்கையே எடுத்துக்கொள்வோம். தகைவு 1,050 மெகாபாஸ்கல். தையலின் முறிவுத் தாங்குதிறன் 90 என்று, அதற்குரிய அலகில், கொள்வோம். மேற்பரப்பில் நீண்ட ஒரு விரிசல் 2 மி.மீ. ஆழத்தை எட்டுவதற்குள்ளாகவே கூடு முறிந்துவிடும். அதாவது அதைவிடச் சிறிய குறையைக் கண்டுபிடிக்க வல்ல எக்ஸ்ரேயும் மீயொலி ஆய்வும் இருந்தால்தான் இந்த எஃகைப் பயன்படுத்தும் தகுதி நமக்கு வரும். 300, 350 என்று தரத்தில் ஏறிக்கொண்டே போவதை முன்னேற்றம் என்று நினைக்கும் இளம் பொறியாளர்களிடம் நான் எப்போதும் இதையே வற்புறுத்துகிறேன்: உங்கள் ஆய்வுக்கருவியின் கண் எவ்வளவு சிறியதைப் பார்க்கும் என்று முதலில் கேளுங்கள்; எந்தத் தரம் என்பதைப் பிறகு முடிவு செய்யுங்கள். பழுதுபார்ப்பு வெல்டிங்கை மூலத் தையலைவிடக் கடுமையான நடைமுறைக்கு உட்படுத்துங்கள். அதை அனுபவம் குறைந்தவரிடம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் ஒப்படைக்காதீர்கள்.

இன்று இந்த எஃகைப் பொடியாக்கி, லேசரால் அடுக்கடுக்காக உருக்கிப் பாகங்களை அச்சிடுகிறார்கள். குறிப்பாக அச்சுவார்ப்பு டைகளுக்கு 300 தரம் பெரிதும் பயன்படுகிறது. பற்றவைக்க இணங்கும் அதே குணம்தான் அச்சிடவும் இணங்கவைக்கிறது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு சிறு வெல்டிங்தானே? ஒவ்வொன்றும் ஆறி மென்மையான மார்ட்டென்சைட்டாகிறது. ஆனால் பொடியின் பரப்பில் ஆக்சிஜன் ஒட்டியிருக்கிறது. டைட்டானியமும் அலுமினியமும் அதைப் பிடித்துக்கொண்டு நுண்துகள்களாக உள்ளே தங்குகின்றன. வலிமை எண் அழகாக வருகிறது. விரிசல் தாங்கும் திறன் அடித்துருவாக்கிய எஃகுக்கு இணையாக வருவதில்லை. அச்சிட்டபடியே நேராக ஏஜிங் செய்வதா, முதலில் 820 டிகிரியில் அனீல் செய்து அடுக்குகளின் தடத்தை அழித்துவிட்டுப் பிறகு ஏஜிங் செய்வதா என்பது பாகத்துக்குப் பாகம் சோதித்து அறிய வேண்டிய கேள்வி. அதற்கு வேண்டியவை 820 டிகிரி எட்டும் ஓர் உலை, ஓர் இழுவிசைப் பொறி, தாக்கி முறித்துப் பார்க்கும் ஒரு சார்ப்பி பொறி, பொறுமையான நான்கைந்து மாணவர்கள். இந்த உலோகவியல் துறையின் ஆய்வகத்தில் இவை எல்லாம் இருக்கின்றன. சோதனைத் துண்டுகளை அச்சிட்டுத் தர ஒரு நிறுவனத்தை அணுகும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள்.