தீயில் வீடிழந்தோர்க்கு ஈதல்



“பாத்திரம் அறிந்து பிச்சையிடு” என்பது முதுமொழி. பெறுபவனின் தகுதியை ஆராய்ந்து கொடுத்தல் வேண்டும் என்றே பலரும் இதற்குப் பொருள் கொள்வர். பாத்திரம் எவ்வளவு கொள்ளும், அதில் இல்லாதது யாது, அஃது எப்பொழுது இடப்படல் வேண்டும் என்பவற்றை அறிந்து கொடுத்தல் என்றும் இதற்குப் பொருள் கொள்ளலாம். இந்த இரண்டாம் பொருளின் அருமையை 2017 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நிகழ்ந்த பெருந் தீவிபத்தொன்று தெளிவாக உணர்த்திற்று.

இலண்டனின் மேற்குப் பகுதியாகிய வட கென்சிங்டனில் கிறென்பெல் கோபுரம் என்னும் 24 மாடிக் குடியிருப்பு இருந்தது. அது 1974 இல் கட்டி முடிக்கப்பட்டது. அப்போது உள்ளூர் நகரசபைக்கு உரியதாயிருந்தது. பல நாடுகளிலிருந்து வந்து குடியேறிய உழைப்பாளர் குடும்பங்கள் பல அங்கு வாழ்ந்தன. 2017 யூன் 14 ஆந் தேதி, நள்ளிரவு கழிந்து ஒரு மணியாவதற்குச் சில நிமிடங்களுக்கு முன், நான்காம் மாடி வீடொன்றின் சமையலறையில் இருந்த குளிர்ப்பெட்டியில் தீப்பற்றியது. அத்தீ அந்த அறையோடு அடங்கியிருத்தல் வேண்டும். ஆனால், கட்டடத்தைப் புதுப்பித்தபோது வெளிச்சுவரிற் பொருத்திய அலுமினியத் தகடுகளின் நடுவே எளிதில் எரியும் பிளாஸ்திக்குப் பொருள் இருந்தது. அதனைப் பற்றிக்கொண்ட தீ விரைந்து உச்சிவரை ஏறிற்று. எழுபத்திருவர் உயிரிழந்தனர். கோபுரத்தையும் அதனை அடுத்த வீடுகளையும் சேர்ந்த இருநூறளவான குடும்பங்கள் இருப்பிடம் இழந்தன.

பொழுது விடியுமுன்னரே அயலவர் ஓடி வந்தனர். கோயில்களும் பள்ளிவாசல்களும் மன்றங்களும் கதவு திறந்தன. அது நோன்பு மாதம். சகர் உணவிற்காக விழித்திருந்தோர் சிலர் உறங்கியோரைத் தட்டி எழுப்பியதாகப் பத்திரிகைகள் எழுதின. உடையும் போர்வையும் உணவும் விளையாட்டுப் பொருள்களும் நகரெங்கும் இருந்து வந்து குவிந்தன. அன்று மாலைக்குள்ளேயே சில நிலையங்கள், இனித் துணிகளைக் கொண்டு வரவேண்டாம் என்று அறிவிக்க நேர்ந்தது.

இவ்வாறு சேர்ந்த பொருள்களின் நிறை ஏறக்குறைய 200 தொன். அவற்றைப் பிரித்து அடுக்கும் பொறுப்பைப் பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கம் ஏற்றது. பெருங் களஞ்சியமொன்றிலே தொண்டர்கள் பலர் நாட்கணக்கில் நின்று பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தனர். விடுதியறை ஒன்றிற் குடும்பத்தோடு ஒடுங்கியிருப்பவர் எத்தனை சட்டைகளை வாங்கி எங்கே வைப்பார்? எனவே, தேவைக்கு மிஞ்சியவற்றைச் சங்கம் நாடெங்குமுள்ள தன் கடைகளில் விற்று, அப்பணத்தைப் பாதிக்கப்பட்டோர்க்கான நிதியிற் சேர்த்தது. அன்போடு தந்த துணி, மூட்டையாகி, வண்டியேறி, விலைப்பட்டு, ஈற்றிற் பணமாகவே உரியவரை அடைந்தது. முதலிலேயே பணமாகக் கொடுத்திருந்தால் இத்தனை கைகளும் நாட்களும் மிச்சமாயிருக்கும்.

அங்ஙனமாயின், பணம் தந்தோரின் ஈகை விரைந்து பயன்பட்டதோ? அதுவும் முழுதும் அவ்வாறன்று. பாடகர் பலர் கூடிப் பழைய பாடலொன்றைப் பாடி ஒரு வாரத்துள் வெளியிட்டு நிதி திரட்டினர். பத்திரிகை ஒன்று நிதி தொடங்கிற்று. எல்லாமாகச் சேர்ந்தது ஏறக்குறைய 2 கோடியே 80 இலட்சம் பவுண். ஆயினும், ஓகஸ்ற் மாதத் தொடக்கத்தில், அதுவரை சேர்ந்திருந்த பணத்தில் ஒரு சிறுபகுதியே குடும்பங்களின் கைக்குப் போயிருந்தது. கொடுத்தவர்கள் வியந்தனர், பெறவேண்டியவர்கள் மனம் நொந்தனர்.

தாமதத்திற்குக் காரணங்கள் இருந்தன. நிதிகள் பல, அவற்றின் விதிகளும் பல. இறந்தவரின் உரித்தாளர் யார் என்று துணிதல் எளிதாயிருக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர் மறுவாரமே விண்ணப்பத் தாளை நிரப்பும் நிலையில் இருப்பதில்லை. மறுபுறம், அக்கோபுரத்தில் என்றும் வாழாத சிலர் வீடிழந்தோர் என்றும் உறவை இழந்தோர் என்றும் பொய் கூறிப் பணம் பெற்றனர். பின்னர் நீதிமன்றத்தாற் சிறைத்தண்டனையும் பெற்றனர். ஆதலின், ஆராயாது கொடுத்தலும் ஆகாது. ஆராய்ச்சியே முடிவின்றி நீளுதலும் ஆகாது. பொய்யர் சிலரைத் தடுக்கும் பொருட்டு, துயருற்றோர் பலரைப் பலமுறை தம் துயரை நிரூபிக்கச் செய்வது அறத்தின்பாற் படுமோ? முதல் உதவியாக ஒரு சிறு தொகையை உடனே கொடுத்துவிட்டு, பெருந்தொகைக்குரிய ஆராய்ச்சியைப் பின்னர் நடத்துவதே நடுவழியாகும்.

இந்த அனுபவத்தினின்றும் அதே ஆண்டு இங்கிலாந்தில் நேர்ந்த பிற துயரங்களினின்றும் ஒரு நன்மை விளைந்தது. பேரிடர் நேரும்போது நாடு முழுவதற்கும் ஒரே வேண்டுகோள் விடுத்து நிதி திரட்டி, உள்ளூர் அமைப்புகளின் வழியே பகிர்ந்தளிப்பதற்காக, தேசிய அவசரநிலை நம்பிக்கை நிதியம் 2019 இல் நிறுவப்பட்டது.

இனி, பெருந்தொகைகளுக்கிடையே நிகழ்ந்த ஒரு சிறு செயலையுங் கருதுக. குடும்பங்கள் தங்கவைக்கப்பட்ட விடுதிகள் பலவற்றிற் சமையலறை இல்லை. உணவு கிடைத்தது, ஆனால் அது பிறர் சமைத்த உணவு. அருகிலுள்ள அல் மனார் என்னும் முஸ்லிம் பண்பாட்டு நிலையத்தில் ஒரு சமையற்கூடம் இருந்தது. பெண்கள் சிலர் அங்கே கூடித் தம் குடும்பத்தினர்க்கும் அயலவர்க்கும் தாமே சமைக்கலாயினர். அதற்கு “அன்பு” எனப் பொருள்படும் “ஹுப்” என்னும் அரபுப் பெயரைச் சூட்டினர். பணமின்மையால் வாரத்தில் இரண்டு நாட்களே அடுப்பெரிந்தது. 2018 இல் அவர்கள் தம் சமையல் முறைகளைத் தொகுத்து நூலாக்கினர். அதன் வருவாய் அக்கூடம் தொடர்ந்து நடைபெற உதவிற்று. பெறுவோராய் இருந்தவர்கள் இவ்வாறு கொடுப்போராயினர். இழந்த வீட்டை எவராலும் அவர்களுக்கு மீட்டுக் கொடுக்க முடியவில்லை; ஓர் அடுப்பையும், அதில் எதை ஆக்குவது என்று முடிவு செய்யும் உரிமையையும் மீட்டுக் கொடுக்க முடிந்தது.

தீவிபத்துக்குப் பின் ஓராண்டு சென்றபோதும் குடும்பங்களுட் பாதிக்கு மேற்பட்டவை நிலையான வீட்டிற் குடியேறவில்லை. துணி குவிந்தது ஒரு நாளில். துன்பம் நீடித்ததோ பல ஆண்டுகள். வீடு கட்டித் தருவது அரசினதும் நகரசபையினதும் கடமை. ஈகை அக்கடமைக்கு ஈடாகாது. 2024 இல் வெளியான விசாரணைக் குழுவின் இறுதி அறிக்கை, முதல் நாட்களில் நகரசபை செய்யத் தவறியவற்றை விரித்துரைத்ததோடு, மக்களும் உள்ளூர் அமைப்புகளும் ஆற்றிய தொண்டினையும் பாராட்டியுள்ளது.

ஆதலின், எங்கேனும் தீயாலோ வெள்ளத்தாலோ வீடிழந்தோர்க்கு உதவ விழைவோர் மூன்றினை மனத்திற் கொள்ளல் நன்று. மூட்டை கட்டுமுன் அவர்க்கு வேண்டியது யாதென வினவுக. இயன்றவரை பணமாகவே, பொறுப்புடைய ஒருவழியாற் கொடுக்க. கொடுக்க எண்ணிய தொகையில் ஒரு பங்கை ஆறு மாதத்திற்குப் பின் கொடுப்பதற்கென ஒதுக்கி வைக்க; பத்திரிகைகள் மறந்த அந்நாளிலேதான் பலருடைய பாத்திரம் வெறிதாயிருக்கும்.