இடது காலுக்கு வேலை இல்லாத பழைய கார்

பழைய கார் பார்த்து வாங்குவதை ஒரு கலை என்றே நம்மூரில் சொல்வார்கள். பானெட்டைத் திறந்து, எஞ்சின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டே வண்டியின் ஜாதகத்தைச் சொல்லிவிடும் மெக்கானிக் ஊருக்கு ஒருவராவது இருப்பார். அந்தக் கலையில் இப்போது புதுப் பாடம் ஒன்று சேர்ந்திருக்கிறது. விற்பனைக்கு வரும் சிறிய எஸ்யூவிகளில் கிளட்ச் பெடலே இல்லாதவை பெருகிவிட்டன. எஞ்சினை மட்டும் கேட்டுப் பழகிய காது, இனி கியர் பாக்ஸையும் கேட்கப் பழக வேண்டும்.

இந்தச் சிறிய எஸ்யூவி என்ற இனமே வரிக் கணக்கில் பிறந்தது. 2006-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் அன்றைய நிதியமைச்சர் ப.சிதம்பரம், சிறிய கார்களுக்கான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் 1200 சிசியையும் டீசல் எஞ்சின் 1500 சிசியையும் தாண்டக் கூடாது. அப்புறமென்ன, கம்பெனிகள் அளவு நாடாவோடு உட்கார்ந்துவிட்டன. 2016-இல் வந்த மாருதி விட்டாரா பிரெஸாவின் நீளம் 3,995 மில்லிமீட்டர். 2019-இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து வந்த ஹூண்டாய் வென்யூவுக்கும் அதே 3,995. அதற்கெல்லாம் முன்பே, 2013-இல், மறைமலைநகர் ஆலையிலிருந்து ஃபோர்டு ஈகோஸ்போர்ட் இறங்கியிருந்தது. பின் கதவில் ஸ்டெப்னியைத் தொங்கவிட்டு, உயரமாய், கொஞ்சம் முறுக்காய் நின்ற அந்த வண்டியைப் பார்த்துத்தான் பலருக்கும் இந்த ஆசையே வந்தது.

அந்த முதல் தலைமுறை வண்டிகள் இன்று இரண்டாவது, மூன்றாவது கைக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, “ஆட்டோமேட்டிக் இருக்கா?” கடைக்காரர் “இருக்கு சார்” என்கிறார். அதோடு விட்டுவிடக் கூடாது. எந்த ஆட்டோமேட்டிக் என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். ஏனென்றால், அந்த ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு சாமான்கள் விற்கப்படுகின்றன.

முதலாவது ஏஎம்டி. இது மேனுவல் கியர் பாக்ஸேதான். கிளட்சை அழுத்துவதையும் கியரைத் தள்ளுவதையும் மனிதனுக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. 2014-இல் மாருதி செலேரியோ இதை இந்தியாவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஆட்டோமேட்டிக் நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டியது. 2018-இல் டாடா நெக்ஸானும் பிரெஸா டீசலும் இதோடு வந்தன. விலை குறைவு, மைலேஜும் மேனுவலுக்கு ஈடு. ஆனால், ஒவ்வொரு முறை கியர் மாறும்போதும் உள்ளே இருப்பவர்கள் தலையை ஆட்டி ஆமோதிப்பார்கள்.

இரண்டாவது டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினின் விசை ஒரு மூடிய கூண்டுக்குள் சுழலும் எண்ணெய் வழியாகவே கியர் பாக்ஸுக்குப் போய்ச் சேருகிறது. உரசித் தேய்கிற கிளட்ச் தட்டுக்கு இந்த இடத்தில் வேலை இல்லாததால், ஊர்ந்து ஊர்ந்து போனாலும் கோபித்துக்கொள்ளாது. 2020-இல் பெட்ரோலுக்கு மாறிய பிரெஸாவில் இருப்பது இந்த வகை, அதுவும் நான்கே கியர். பழைய காலத்துச் சாமான் என்று இளைஞர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

மூன்றாவது சிவிடி. கியர் என்ற படிக்கட்டே இல்லாமல், இரண்டு கப்பிகளும் அவற்றின் மேல் ஓடும் ஓர் இரும்புப் பட்டையும். ஒரகடத்தில் தயாராகும் நிசான் மேக்னைட் டர்போவில் இருக்கிறது. ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும். வேகமாக மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும்.

நான்காவது டிசிடி, இரட்டைக் கிளட்ச். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. அடுத்த கியர் எப்போதும் தயாராக நிற்பதால் நெடுஞ்சாலையில் இதற்கு இணை கிடையாது. வென்யூ டர்போவில் இருப்பது ஏழு கியர் டிசிடி. எண்ணெயில் நனையாத உலர் கிளட்ச் என்பதால், கத்திப்பாரா போன்ற இடங்களில் அரை அடி அரை அடியாக நகரும்போது சூடேறிவிடும்.

ஈகோஸ்போர்ட்டின் கதையை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2013-இல் அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் இருந்தது பவர்ஷிஃப்ட் என்ற ஆறு கியர் இரட்டைக் கிளட்ச். இதே பவர்ஷிஃப்ட் பொருத்திய ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்கள் குறித்து ஆஸ்திரேலியாவில் புகார்கள் குவிந்தன. வாடிக்கையாளர்களின் புகார்களைக் கையாண்ட விதத்துக்காக அங்குள்ள நீதிமன்றம் 2018-இல் ஃபோர்டுக்கு ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. இந்தியாவில் 2017 இறுதியில் வந்த புதிய ஈகோஸ்போர்ட்டில் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு டார்க் கன்வெர்ட்டரைப் பொருத்தினார்கள். ஆக, 2016 மாடலும் 2018 மாடலும் கடையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்; இரண்டிலும் ஆட்டோமேட்டிக் என்றுதான் எழுதியிருக்கும்; உள்ளே இருப்பது வேறு வேறு. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டதால் விலை இன்னும் சல்லிசு. சல்லிசாகக் கிடைக்கிறதே என்று ஆண்டைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பவர், கியர் பாக்ஸ் பழுதுக்கும் சேர்த்தே முன்பணம் கொடுக்கிறார்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தாலே தெரியும். வாங்குபவர் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால் அதற்குக் காரணம் கேட்கலாம். குளிர்ந்த நிலையில் காட்டிக்கொடுக்கும் குறைகள் பல உண்டு. ஸ்டார்ட் செய்து, பிரேக்கை அழுத்தியபடி ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் மாறி மாறிப் போட்டுப் பார்க்க வேண்டும். கியர் விழத் தாமதமானாலோ, அடியில் ‘டங்’ என்று இடித்தாலோ, விலை பேசுவதை ஒத்திவைக்கலாம். பிறகு ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஊர விட வேண்டும். டிசிடியோ ஏஎம்டியோ அப்போது உதறினால் கிளட்ச் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். டார்க் கன்வெர்ட்டர் வண்டியில் கியர் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேட்க வேண்டும். எஞ்சின் ஆயில் மாற்றிய கணக்கு எல்லோரிடமும் இருக்கும். கியர் எண்ணெய்க் கணக்கும் பத்திரமாக இருந்தால் அது கவனமாக வைத்திருந்த ஆளின் வண்டி.

சென்னைப் பதிவு எண் என்றால் வெள்ளத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் தண்ணீரில் நின்ற கார்கள் கொஞ்சநஞ்சமல்ல. சீட்டுக்குப் புது உறை போடலாம், வாசனைத் திரவியம் அடிக்கலாம். ஆனால், சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுத்துப் பார்த்தால், வழக்கமாக வெளியே வராத அந்தக் கடைசி ஒரு முழத்தில் சேற்றின் கோடு அப்படியே தங்கியிருக்கும். டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தையும், சீட் நகரும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டால் போதும்.

மீட்டர் காட்டும் கிலோமீட்டரை நம்பலாமா? டயரிடம் கேட்கலாம். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். “22,000 கிலோமீட்டர்தான் சார், டாக்டர் வச்சிருந்த வண்டி” என்று சொல்லப்படும் 2018 மாடலில் நான்கு டயரும் 2022-இல் செய்தவையாக இருந்தால், அந்த டாக்டர் ஆம்புலன்ஸாக ஓட்டினாரா என்று கேட்கத் தோன்றும். பிரேக் பெடலின் ரப்பரும் பொய் சொல்லாது. ஆட்டோமேட்டிக்கில் அதிகம் மிதிபடுவது அதுதான்.

விலையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், வரிக் கணக்கில் சிறிய கார் எனப்படுபவற்றுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்து புது வண்டிகளின் விலை இறங்கியது. அதற்கு முந்தைய விலைப் பட்டியலை வைத்துக்கொண்டு பழைய வண்டிக்கு இன்னும் கணக்குச் சொல்லும் புரோக்கரிடம், இன்றைய ஷோரூம் விலையிலிருந்து பேச்சைத் தொடங்குவதே முறை.

சரி, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது. இருபது வருஷம் மேனுவல் ஓட்டியவருக்கு இனிமேல்தான் சிரமம். வேகம் குறையும்போது இடது கால் தன்னிச்சையாகக் கிளட்சைத் தேடிப் போகும். அங்கே கிளட்ச் இல்லை. ஆனால், அகலமான பிரேக் பெடலின் இடது ஓரம் இருக்கிறது. கிளட்சை அடிவரை அழுத்திப் பழகிய கால் பிரேக்கையும் அதே பலத்தோடு அழுத்தும். முன் சீட்டில் இருக்கும் மனைவி டேஷ்போர்டைப் பார்த்துப் பாய்வார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் பெற்றோரை விசாரிப்பார். இதற்கு ஒரே மருந்து, இடது காலை அதற்கென்று உள்ள ஓய்வு மேடையில் வைத்துவிட்டு அதை மறந்துவிடுவதுதான். பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது கால் ஒன்றே. காலி மைதானத்தில் சில நாள் பழகினால் கால் கேட்டுக்கொள்ளும்.

நிறுத்தும்போது கியரை நேராக ‘பி’க்கு, அதாவது பார்க்குக்கு, தள்ளக் கூடாது. பிரேக்கை மிதித்தபடி நியூட்ரல், அப்புறம் ஹேண்ட் பிரேக், வண்டியின் பாரம் அதில் உட்கார்ந்த பிறகே ‘பி’. இல்லாவிட்டால் சரிவில் மொத்தப் பாரமும் கியர் பாக்ஸுக்குள் உள்ள ஒரு சின்னக் கொக்கியில் தொங்கும். ஏஎம்டி வண்டிகளில் அந்த ‘பி’யும் கிடையாது, ஹேண்ட் பிரேக்கை மறந்தால் காப்பாற்ற ஆளில்லை. மேட்டில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரைக் கொடுத்து வண்டியைத் தாங்கிப் பிடிப்பது ஏஎம்டிக்கும் டிசிடிக்கும் ஆகாது. கிளட்ச் கருகும்.

மலையில்தான் உண்மையான பரீட்சை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஊட்டி கல்லட்டிச் சாலையில் 36. ஏறும்போது ஆட்டோமேட்டிக் தங்கம். இறங்கும்போது ‘டி’யிலேயே விட்டுவிட்டால் பெட்டி உயர்ந்த கியருக்குப் போய்விடும், எஞ்சின் இழுத்துப் பிடிக்காது, பாரம் முழுக்க பிரேக்கின் தலையில். ‘எல்’, ‘2’, அல்லது மேனுவல் முறைக்கு மாற்றித் தாழ்ந்த கியரில் இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் மலை இறங்குவது ஆபத்து என்று சொல்பவர்களில் பலர் அந்த எழுத்துகளைத் தொட்டே பார்க்காதவர்கள்.

எதை வாங்கலாம்? தினமும் நகர நெரிசலில் ஓட்டுபவருக்கு 2020-க்குப் பிந்தைய பெட்ரோல் பிரெஸா, அல்லது 2018-க்குப் பிந்தைய ஈகோஸ்போர்ட் போன்ற டார்க் கன்வெர்ட்டர் வண்டி. பெட்ரோல் சற்றே அதிகம் குடித்தாலும் கியர் பாக்ஸ் நிம்மதி தரும். பணம் குறைவு, ஓட்டமும் குறைவு என்றால் ஏஎம்டி. பழைய உலர் டிசிடியை, உத்தரவாதம் மிச்சமில்லாமல், நெரிசலில் ஓட்டுவதற்காக வாங்குவது வேண்டாத வேலை.

கடைசியாக ஒன்று. படிவம் 29, 30-இல் விற்றவரின் கையெழுத்தும், கடன் இருந்த வண்டியென்றால் படிவம் 35-உம் கைக்கு வராமல் முழுப்பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் மாற்ற 30 நாளும், காப்பீட்டை மாற்ற 14 நாளும் சட்டம் தருகிறது. காப்பீடு பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும்போது விபத்து நடந்தால், எதிராளிக்கான இழப்பீடு கிடைக்கலாம். சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் கிடைப்பது கடினம். வண்டிக்குப் பூஜை போடும் அன்றே காப்பீட்டுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.