நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்



வெட்டிய கிளை தளிர்ப்பதை நாம் அறிவோம். அறுத்த எலும்பும் தளிர்க்கும். பொறுமையுடன் இழுத்தால் நீளவும் நீளும். இவ்வுண்மையை நடைமுறையில் நிலைநாட்டியவர் ஒரு சைபீரிய மருத்துவர்.

பிறவிக் குறையாலோ, இளம்பிள்ளை வாதத்தாலோ, எலும்பின் வளரும் பகுதியில் ஏற்பட்ட முறிவாலோ சிலருக்கு ஒரு கால் குட்டையாகிவிடுகிறது. வேறுபாடு இரண்டு சென்டிமீட்டருக்கு உட்பட்டதாயின், காலணியின் அடியை உயர்த்துவதே பெரும்பாலும் போதும். அது மிகுந்தால் இடுப்புச் சாயும், முதுகெலும்பு வளையும், நடை நொண்டும்.

இத்தாலி நாட்டுக் கொடிவில்லா என்னும் அறுவை மருத்துவர், தொடை எலும்பை அறுத்து இழுத்து நீட்டும் முறையை 1905-இல் வெளியிட்டார். ஆனால் அது வலிந்து இழுக்கும் முறை. தசையும் நரம்பும் அவ்வேகத்தைத் தாங்கவில்லை. கேடுகள் பல விளைந்தன.

1921-இல் பிறந்த கவ்ரீல் இலிசரோவ், சைபீரியாவின் கூர்கன் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் மருத்துவராகப் பணியாற்றியவர். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் ஒரு கருவியை அமைத்தார். காலைச் சுற்றி உலோக வளையங்கள். அவற்றிலிருந்து எலும்பை ஊடுருவிச் செல்லும் மெல்லிய கம்பிகள். வளையங்களை இணைக்கும் திருகு தண்டுகள். இவ்வளவே கருவி. எலும்பை அறுத்துச் சில நாள் அமைதியாக விடுவர். பிறகு நாள்தோறும் நான்கு முறை, முறைக்குக் கால் மில்லிமீட்டர் வீதம் திருகுவர். விலகும் இடைவெளியில் புதிய எலும்பு தோன்றும்; தசை, நரம்பு, குருதிக்குழாய், தோல் ஆகியனவும் உடன் நீளும். விரைந்து இழுத்தால் எலும்பு உருவாகாது. மிகத் தாமதித்தால் இடைவெளி முன்னரே இறுகிவிடும்.

1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கப் பதக்கம் பெற்ற வலேரி புருமெல், மறு ஆண்டே மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் சிதைந்தார். அறுவைகள் பல நடந்தும் பயனில்லை. 1968-இல் இலிசரோவ் மருத்துவம் செய்தபின் மீண்டும் ஊன்றி நடந்தார். 1981-இல் இத்தாலியில் இலிசரோவ் ஆற்றிய உரைக்குப் பின்னரே மேலை நாட்டார் இம்முறையைப் பரவலாகக் கற்றனர். எலும்பினுள்ளேயே பொருத்தும் நீளும் ஆணிகளும் இன்று உள்ளன. ஆயினும் நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்னும் அளவே இன்றும் அடிப்படை.

கணக்கிட்டுப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் நீட்ட ஐம்பது நாள் வேண்டும். புதிய எலும்பு கெட்டிப்படப் பின்னும் பல மாதங்கள் ஆகும். அதுவரை கம்பி துளைத்த இடங்களைச் சீழ்பிடிக்காமல் காக்கவேண்டும். வலி பொறுத்து மூட்டுகளை மடக்கி நீட்டிப் பயிலவேண்டும். பயிற்சி தவறினால் எலும்பு நீண்டும் மூட்டு விறைத்துவிடும். மருத்துவரின் கத்திக்கு வேலை ஒரு நாள். எஞ்சிய நாளெல்லாம் நோயாளியின் உழைப்பு.

உங்கள் வகுப்புத் தோழன் ஒருவன் இவ்வாறு வளையங்களுடன் வீட்டில் இருக்க நேர்ந்தால், இரக்கம் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். அன்றன்று நடந்த பாடத்தை அவனிடம் கொண்டு சேருங்கள். அவன் கால் வளரும் மாதங்களில் கல்வியும் உடன் வளரட்டும்.