"மாமா புடிச்சாங்க"

இன்னைக்கு ஒரு எலுமிச்சம்பழக் கதை. சிரிக்காதீங்க, இதனால ரெண்டு நாள் எங்க வீட்ல யாரும் சரியா சாப்பிடல.

போன ஏப்ரல்ல ஒரு ஞாயிறு. அம்பத்தூர்ல எங்க வீட்டு மொட்டை மாடி. அம்மா ஊறுகாய்க்கு உட்கார்ந்தாங்க, நறுக்குற வேலை எனக்கு. அக்கா பொண்ணு, நாலு வயசு, கைப்பிடிச் சுவர் பக்கம் ஓடினா. பதறிப்போய், சாறு சொட்டுற கையோட அவ கையைப் பிடிச்சு இழுத்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் அங்கேயே வெயில்ல விளையாடினா.

செவ்வாய்க்கிழமை அவ கையில நாலு சிவப்புக் கோடு. அப்படியே விரல் அச்சு. ஸ்கூல்ல டீச்சர், "யாரும்மா பண்ணது?"ன்னு கேட்டிருக்காங்க. அவளும் உண்மையைத்தான் சொன்னா: "மாமா புடிச்சாங்க."

அக்கா போன் பண்ணா. "அவளை அடிச்சியாடா?" டீச்சர் கேட்டதுல தப்பே இல்ல, கேட்கணும். ஆனா என்கிட்ட பதில் இல்லையே! அளவு பார்த்தா என் விரல்தான்.

ஆவடியில ஒரு ஸ்கின் டாக்டர் பார்த்ததும் கேட்டது: "எலுமிச்சை ஏதாவது பட்டுச்சா?"

பேரு பைட்டோஃபோட்டோடெர்மடைட்டிஸ். எலுமிச்சைச் சாறுலயும், அதைவிட அதிகமா தோல்லயும், ஃப்யூரனோகூமரின்னு ஒரு வகை வேதிப்பொருள் இருக்கு. அது சருமத்துல இருக்கும்போது வெயிலோட யுவி-ஏ கதிர் பட்டா செல்கள் வெந்த மாதிரி ஆயிடும். அலர்ஜி இல்ல, யாருக்கும் வரலாம். சாறு மட்டும்னா பிரச்சனை இல்ல, ரெண்டும் சேர்ந்தாதான் பக். அதுவும் உடனே தெரியாது. ஒரு நாள் கழிச்சு ஆரம்பிச்சு, 2-3 நாள்ல உச்சத்துக்குப் போகும். அதனாலதான் யாரும் எலுமிச்சையைச் சந்தேகப்படுறதில்ல. பெத்தவங்க மேலயே சந்தேகம் வந்த கேஸ்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு.

என் கைக்கு ஏன் வரல? உள்ளங்கைத் தோல் தடிமன். தவிர, வேலை முடிஞ்சதும் நான் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். அவ கையைக் கழுவணும்னு யாருக்குமே தோணல.

இதையே நம்ம ஊர்ல வைத்தியமாவும் வெச்சிருக்காங்க. நாட்டு மருந்துக் கடையில விக்கிற கார்போகரிசியில இருக்கிற சோராலென் இதே குடும்பம்தான். வெண்புள்ளியில அதைத் தடவி வெயில் காட்டுவாங்க. நீங்களா ட்ரை பண்ணாதீங்க, கொப்புளம் வந்துடும்.

சிவப்பு பழுப்பாச்சு. ஜூன்ல ஸ்கூல் திறந்தப்பவும் லேசா தெரிஞ்சுது. புது மிஸ் கேட்டதுக்கு மேடம் சொன்ன பதில்: "எலுமிச்சம்பழம் கடிச்சிடுச்சு."