பேமிற் காணியும் பிராந்திய வீசாவும்

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கல்லூரி மண்டபத்தில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



என்னைப் பேச அழைத்தபோது செயலாளர் அக்கா சொன்னது ஒன்றுதான். "பிள்ளையள் எல்லாரும் பி.ஆர். எடுக்கிறது எப்பிடி எண்டுதான் கேக்கினம். நீ போன வழியை ஒளிக்காமல் சொல்லு" என்றார். ஒளிக்காமல் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் இந்தக் கல்லூரிக்கும் எனக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டும். நான் பிறந்தது கிளிநொச்சியில். 2009 ஆம் ஆண்டு இறுதியில் செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்து, உயர்தரம் படிக்க இடம் கேட்டு இந்தப் படலைக்கு வந்தேன். என்னிடம் விடுகைப் பத்திரம் இல்லை. சாதாரணதரப் பெறுபேறும் இல்லை. எங்கள் பழைய பாடசாலையின் பதிவேடுகளும் இல்லை. அப்போதைய அதிபர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, விடுகைப் பத்திரத்தைப் பின்னர் கொண்டுவந்து தரவேண்டும் என்ற நிபந்தனையோடு இடாப்பில் என் பெயரை எழுதினார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் தற்காலிக அனுமதி அதுதான்.

இரண்டாவது தற்காலிக அனுமதி அவுஸ்திரேலியாவின் 491 இலக்க வீசா. பேராதனையில் குடிசார் பொறியியல் படித்து, சில ஆண்டுகள் வன்னியில் வீதி வேலைகளில் நின்றுவிட்டு, 2022 பெப்ரவரியில் அங்கே போய் இறங்கினேன். தங்கைமார் கேட்பதால் அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இந்த வீசா 2019 நவம்பர் 16 இல் நடைமுறைக்கு வந்தது. சிட்னி, மெல்பேர்ண், பிறிஸ்பேன் ஆகிய மூன்று பெருநகரங்களையும் விட்டால், நாட்டின் மற்ற எல்லாப் பகுதியும் இதன் கணக்கில் பிராந்தியம்தான். பேர்த், அடிலெய்ட், கன்பராகூட அதற்குள் அடங்கும். வயது 45 இற்குக் குறைவாக இருக்க வேண்டும். உங்கள் தொழில் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தத் தொழிலுக்குரிய அமைப்பு உங்கள் தகைமையை மதிப்பிட்டு ஏற்க வேண்டும். வயது, கல்வி, ஆங்கிலம், அனுபவம் என்று புள்ளி போட்டு ஆகக் குறைந்தது 65 வரவேண்டும். ஒரு மாநிலம் உங்களை முன்மொழிந்தால், அல்லது பிராந்தியத்தில் வசிக்கும் தகுதியுள்ள உறவினர் பொறுப்பேற்றால், அதற்கு மட்டும் 15 புள்ளி. எங்கேயும் வாழலாம் என்ற 190 இலக்க வீசாவுக்கு மாநிலம் முன்மொழிந்தால் கிடைப்பது 5 புள்ளிதான். அந்தப் பத்துப் புள்ளி வித்தியாசம், பெருநகரத்தை விட்டுத் தள்ளிப் போக நீங்கள் சம்மதிப்பதற்குக் கிடைக்கும் விலை. ஆனால் 65 இருந்தால் அழைப்பு வந்துவிடும் என்று எண்ணாதீர்கள். போட்டி அதற்கு மேலேதான் இருக்கும்.

வீசா ஐந்து ஆண்டுகளுக்கு. அந்தக் காலத்தில் பிராந்தியத்தில்தான் வசிக்க வேண்டும், வேலை செய்ய வேண்டும், படிக்க வேண்டும். ஒரு பிராந்தியத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறலாம். மூன்று ஆண்டுகள் அப்படி இருந்து, மூன்று வருமான ஆண்டுகளுக்கு வரி மதிப்பீட்டு அறிவித்தலைக் காட்டினால், 191 இலக்க வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அதுதான் நிரந்தர வதிவிட உரிமை. மூன்று ஆண்டு முடியுமுன் வேறு வழியாக நிரந்தரமாக்கலாம் என்றால், பெரும்பாலான தொழில் வீசாக்களின் கதவு மூடியிருக்கும்.

இந்த நிபந்தனைகளை முதன்முதலில் வாசித்தபோது எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. எங்கள் அப்பப்பாவின் பேமிற் ஞாபகம் வந்தது.

இரணைமடுக் குளத்தை 1902 இல் கட்டத் தொடங்கினார்கள். 1936 இல் யாழ்ப்பாணத்தின் இட நெருக்கடிக்கும் வேலையின்மைக்கும் தீர்வாகக் கிளிநொச்சிக் குடியேற்றம் தொடங்கியது. அப்பப்பா அதற்குப் பிறகு, 1950 களில், தீவுப்பகுதியிலிருந்து வந்தவர். அவர் கையில் இருந்தது உறுதி அல்ல. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கிய அனுமதிப்பத்திரம். காணியில் குடியிருக்க வேண்டும், காட்டை வெட்டித் திருத்த வேண்டும், பயிர் செய்ய வேண்டும், நினைத்தபடி விற்கக்கூடாது. ஒழுங்காக நடந்தால் பிற்காலத்தில் அளிப்புப் பத்திரம் கிடைக்கும். நடக்காவிட்டால் அனுமதி ரத்து. பெயர்களை மாற்றிவிட்டால் அதுவும் ஒரு 491 தான். எங்கள் ஊர்கள் பல, நிபந்தனையோடு தொலைவுக்குப் போகச் சம்மதித்தவர்கள் உண்டாக்கிய ஊர்கள். அந்தக் காகிதம்கூடக் கிடைக்காமல், 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து இந்த மண்ணைத் திருத்தியவர்களையும் இங்கே நினைக்க வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. அப்பப்பாவின் வயலைக் கடைசிவரை பார்த்தது மாமி. பேமிற்றில் பின்னுரிமையாளராகப் பெயர் போனது பெரியப்பாவுக்கு. வாரிசு வரிசையில் அந்தச் சட்டம் மகனைத்தான் முன்னுக்கு வைத்திருந்தது. அதைத் திருத்த எண்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது. என் வீசாவில் முதல் விண்ணப்பதாரி நான். என் கணவர் என்னில் தங்கிவந்தவர். மாமிக்கு இதைச் சொன்னபோது அவர் வேறொன்றும் கேட்கவில்லை. "உன்ரை பேரிலையோ?" என்று இரண்டு தரம் கேட்டார்.

நான் போன இடம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் ரிவரினாப் பகுதி. லீற்றன், கிரிஃபித் என்று சிறு நகரங்கள். சிட்னியிலிருந்து 500 கிலோமீற்றருக்கு மேல். போகும் வழியெல்லாம் காய்ந்த புல்வெளி. வாழ்க்கை முடிந்தது என்றே நினைத்தேன். பிறகு ஒரு வளைவில் வாய்க்கால் வந்தது. அதன் மறுபுறம் நெல்வயல்.

அங்கே பரிஞ்சக் என்ற அணையை 1907 இல் கட்டத் தொடங்கி, 1912 இல் வாய்க்கால்களுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ இரணைமடுவின் வயது. தண்ணீரைக் காட்டி ஆட்களைக் குடியேற்றியிருக்கிறார்கள். முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படையினருக்குக் காணி கொடுத்திருக்கிறார்கள். இத்தாலியர் வந்து வேரூன்றியிருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் முன்னர் அது விரஜுரி ஆதிக்குடிகளின் நிலம். பொதுக் கூட்டங்களில் அதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். இந்த ஆண்டு எவ்வளவு தண்ணீர் கிடைக்கும், எவ்வளவு விதைக்கலாம் என்பதுதான் அங்கே தேநீர்க்கடைப் பேச்சு. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று குளத்தின் அடிக்கணக்கைப் பார்த்துத் தீர்மானிக்கும் கூட்டங்களை நான் சின்ன வயதிலேயே கண்டிருக்கிறேன். அவர்கள் பேசியது எனக்கு விளங்கியது. ஆங்கில உச்சரிப்பு விளங்க ஆறு மாதம் எடுத்தது. அது வேறு கதை.

இனி ஒளிக்காமல் சொல்வதாகச் சொன்ன பகுதி.

முதல் ஒன்றரை வருடம் நான் அந்த ஊரில் வாழவில்லை. நாள் எண்ணினேன். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் நாட்காட்டி ஒட்டி, ஒவ்வொரு மாதத்தையும் சிவப்பால் வெட்டினேன். கட்டில் வாங்கவில்லை, மெத்தையை நிலத்தில் போட்டோம். ஒரு பூங்கன்று நடவில்லை. அயலவர் தேநீருக்கு அழைத்தால் சாக்குச் சொன்னேன். மூன்று வருடம் முடிந்தால் சிட்னிக்குப் போய்விடுவோம், பிறகு எதற்கு இதெல்லாம் என்ற எண்ணம்.

2022 மே மாதத்தில் அப்பா காலமானார். இங்கே எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் சனம் வரிசையில் நின்ற நாட்கள். வீசா என்னைத் தடுக்கவில்லை. அந்த வீசாவில் போகலாம், வரலாம். வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான், தகுதிகாண் காலம், போனால் வேலை போய்விடுமோ, வேலை போனால் எல்லாம் போய்விடுமோ என்ற என் பயம்தான் தடுத்தது. மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை. கைத்தொலைபேசியில் பார்த்தபடி அப்பாவை அனுப்பிவைத்தேன். கிழமைகளுக்குப் பிறகு விடயம் அறிந்த அந்த மேலதிகாரி, ஏன் கேட்கவில்லை, அன்றே அனுப்பியிருப்பேனே என்றார். அந்தச் சொல் இன்றும் என்னைச் சுடுகிறது. சட்டத்தில் இருந்த நிபந்தனைகள் நாலைந்துதான். நானே எனக்குப் போட்டுக்கொண்டவை அதைவிடக் கூட.

அப்போதுதான் எனக்கு இந்தக் கல்லூரியின் இரண்டு ஆசிரியைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். பெயர் சொல்லவில்லை. இருவரும் வெளியூரிலிருந்து கஷ்டப் பிரதேசச் சேவைக்காக நியமனம் பெற்று வந்தவர்கள். ஒருவர் இடமாற்றக் கடிதத்தை எதிர்பார்த்தபடியே பாடம் நடத்தினார். அவர் எப்போது போவார் என்று எங்களுக்கும் தெரியும். மற்றவர் கணித ரீச்சர். விடுதிப் பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் கணக்குச் சொல்லித்தருவார், முகாமிலிருந்து வந்த எங்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுவார். அவரும் தன் சேவைக்காலம் முடியப் போனார்தான். ஆனால் இருந்த வரைக்கும் இங்கே இருந்தார். இருவருக்கும் சம்பளம் ஒன்று, நிபந்தனையும் ஒன்று.

பிராந்தியம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. நாம் பிராந்தியத்துப் பிள்ளைகள். நிபந்தனையோடு அனுப்பப்படும் வைத்தியரையும் ஆசிரியரையும் காத்திருந்த சனம். நாள் எண்ணுபவர் யார், இருப்பவர் யார் என்று ஒரு கிழமையில் கண்டுபிடித்த சனம். இப்போது அங்கே அந்த வைத்தியர் நாம், பொறியியலாளர் நாம், தாதி நாம். அந்த ஊர்ச் சனமும் ஒரு கிழமையில் நம்மைக் கண்டுபிடித்துவிடும்.

பிலோயீலாவை நினைத்துப் பாருங்கள். குயின்ஸ்லாந்தில் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வாழும் ஊர். அங்கே நம்மவர் குடும்பம் ஒன்று, பிரியாவும் நடேஸும், வாழ்ந்தார்கள். தொழில் வீசாவில் போனவர்கள் அல்ல, படகில் போனவர்கள். நடேஸ் இறைச்சி ஆலையில் வேலை செய்தார். 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலையில் அவர்களையும் இரண்டு பெண் குழந்தைகளையும் அதிகாரிகள் கொண்டுபோனார்கள். கிறிஸ்மஸ் தீவில்கூட அடைத்து வைத்தார்கள். அந்த ஊர்க்காரர் நான்கு ஆண்டுகள் விடவில்லை. 2022 ஜூனில் குடும்பம் ஊர் திரும்பியது, ஓகஸ்ட்டில் நிரந்தர வீசா கிடைத்தது. காகிதம் கைவிட்ட இடத்தில் அயல் கைகொடுத்தது.

நான் கட்டில் வாங்கினேன். வீட்டுப் பின்புறத்தில் முருங்கை வைத்தேன். முதல் குளிரில் பட்டுப்போனது, இரண்டாவது நின்றது. சனிக்கிழமைகளில் நூலகத்தில் சிறுவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். 2025 இல் 191 கிடைத்தது. சிட்னிக்குப் போகவில்லை. எல்லோரும் இருக்கத்தான் வேண்டும் என்று சொல்லவில்லை. கோயிலுக்கு நெடுந்தூரம் கார் ஓட்ட வேண்டும், பிள்ளைக்குத் தமிழ் சொல்லித்தர நானும் கணவரும்தான். அதெல்லாம் உண்மை.

தங்கைமாருக்குச் சில நடைமுறை வார்த்தைகள். முதலில் தகைமை மதிப்பீட்டைச் செய்யுங்கள். அது இல்லாமல் மற்றது எதற்கும் காசு கொடுக்காதீர்கள். நான் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து ஒரு முகவருக்குப் பணம் கட்டினேன். அவர் செய்தது, நானே நிரப்பியிருக்கக்கூடிய படிவங்களை நிரப்பியது மட்டும். அவுஸ்திரேலியாவில் குடிவரவு ஆலோசனை சொல்பவருக்குப் பதிவிலக்கம் இருக்கும், கேட்டுச் சரிபாருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் நாளில் அரசாங்கத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். போகமுன் கார் ஓட்டப் பழகுங்கள். அங்கே நினைத்த நேரம் பஸ் வராது. வரி கட்டாத கைக்காசு வேலைக்குப் போகாதீர்கள். மூன்று ஆண்டு வரிக் கணக்குத்தான் உங்கள் அளிப்புப் பத்திரம். வாடகை ஒப்பந்தம், சம்பளத் துண்டு எல்லாவற்றிலும் பிரதி வையுங்கள். கணவருக்கும் அதே நிபந்தனைதான். அவருக்கு அந்த ஊரில் என்ன வேலை என்பதை இங்கேயே பேசி முடியுங்கள். கனடாவுக்குப் போக நினைப்பவர்களுக்கும் இதே நியாயம்தான். அங்கேயும் 2019 இல் சட்பரி, தண்டர் பே போன்ற 11 சமூகங்களைத் தெரிந்து இத்தகைய முன்னோடித் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். எந்த நாட்டில், எந்தத் தொழிலில், எந்த அமைப்பிடம் மதிப்பீடு பெற்றீர்கள் என்று ஒவ்வொருவரும் சங்கச் செயலாளருக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். தொழில்வாரியாக ஒரு பட்டியல் இருந்தால், அடுத்த பிள்ளையின் தாய் சங்கிலியை அடகு வைக்கத் தேவையில்லை.

போகாமல் இங்கேயே இருந்து படிப்பிக்கிறவர்கள், வைத்தியசாலையில் இரவு வேலை பார்க்கிறவர்கள், வயல் செய்கிறவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள். நாங்கள் ஒவ்வொருவரும் போகும்போது உங்கள் வேலை ஒரு பங்கு கூடுகிறது. அது எங்களுக்குத் தெரியும் என்பதையாவது சொல்லிவிட்டுப் போகிறேன்.

கடைசியாக அதிபர் அவர்களுக்கு. 2009 இல் எனக்குப் போட்ட நிபந்தனையை நான் இன்னும் நிறைவேற்றவில்லை. அந்த விடுகைப் பத்திரம் கிடைக்கவேயில்லை. இருந்தும் இடாப்பில் என் பெயரை வெட்டாமல் வைத்திருந்ததற்கு நன்றி.